நாஷ்வில் முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை: பாட்டு பிறந்த சாலையில் பத்து நாள்

முதல் தடவை மிசிசிப்பி டெல்டாவுக்கு நான் போனது ஒரு திங்கட்கிழமை. கிளார்க்ஸ்டேல் ஊருக்குள் காரை விட்டபோது மாலை ஆறு மணி. ப்ளூஸ் இசையின் தாய்வீடு என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். வரவேற்றது வரிசையாகப் பூட்டிக் கிடந்த கடைகளும், நடுத்தெருவில் படுத்திருந்த ஒரு நாயும்தான். ஊரில் எங்கோ ஒரு மூலையில் யாராவது வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். எனக்குத் தேடத் தெரியவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் வறுத்த கோழி வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கப் போனேன்.

அன்று புரிந்தது: அமெரிக்கத் தெற்கில் பாட்டுப் பயணம் போகிறவர் முதலில் விரிக்க வேண்டியது வரைபடத்தை அல்ல, காலண்டரை. ஊர்களுக்கு இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் எந்தக் கிழமையில் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பாட்டு காதில் விழும். இந்த வழிகாட்டியும் கிழமைக் கணக்கில்தான் போகிறது.

முதல் படி: கிழமையைப் பூட்டுங்கள்

பாதை இது: டென்னசி மாநிலத்தின் நாஷ்வில், அலபாமாவின் மஸில் ஷோல்ஸ், மிசிசிப்பியின் டூப்பலோ, மறுபடி டென்னசிக்குள் வந்து மெம்ஃபிஸ், அங்கிருந்து தெற்கே கிளார்க்ஸ்டேல், இண்டியனோலா, கிரீன்வுட், கடைசியில் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ். சுற்றல்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். நான்கு மாநிலங்களைத் தொட்டாலும், போகும் ஊர் எல்லாவற்றுக்கும் ஒரே கடிகார நேரம்தான்.

எதிர்த்திசையிலும் போகலாம். ஆனால் நான் வடக்கிலிருந்து தெற்கே போகச் சொல்வேன். நாஷ்வில்லில் மெருகேறிய இசைத் தொழிலைப் பார்ப்பீர்கள். மெம்ஃபிஸில் 1950களும் 60களும் இருக்கும். டெல்டாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். நியூ ஆர்லியன்ஸில் அதற்கும் நூறு வருடம் முந்தைய ஒரு மைதானம். தெற்கே போகப் போகக் காலம் பின்னால் போகும்.

கிழமைத் திட்டம்: ஞாயிறு மாலை நாஷ்வில்லில் இறங்குங்கள். வாரக் கடைசிக் கூட்டம் கிளம்பியிருக்கும், ஓட்டல் வாடகையும் இறங்கியிருக்கும். திங்கள் முழுக்க நாஷ்வில். செவ்வாய் காலை கிளம்பி மஸில் ஷோல்ஸ். புதன் டூப்பலோ வழியாக மெம்ஃபிஸ். வியாழன் மெம்ஃபிஸ். வெள்ளி மதியம் கிளார்க்ஸ்டேல், இரவு அங்கேயே. சனி டெல்டாவைச் சுற்றிவிட்டு இரவுக்குள் நியூ ஆர்லியன்ஸ். ஞாயிறு, திங்கள், செவ்வாய் அங்கே. ஆக மொத்தம் பத்து நாள்.

இதில் இரண்டு நகரவே கூடாது. கிளார்க்ஸ்டேலில் வெள்ளி அல்லது சனி இரவு. நியூ ஆர்லியன்ஸில் ஞாயிறு மதியம். மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதம் என்று கேட்டால் ஏப்ரல் அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் சென்னை மே மாதத்துக்குச் சளைத்ததில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு. ஏப்ரலில் இன்னொரு லாபம் உண்டு: கிளார்க்ஸ்டேலின் ஜூக் ஜாயின்ட் திருவிழாவும் நியூ ஆர்லியன்ஸின் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் திருவிழாவும் அந்த மாதத்தில் வரும். மாதக் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை ஜாஸ் ஃபெஸ்ட், 1970இலிருந்து நடக்கிறது. ஆனால் திருவிழா நாட்களில் அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும். நியூ ஆர்லியன்ஸின் பெரிய திருவிழாவான மார்டி கிராஸ் நேரத்தில், கூட்டத்துக்காகவே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: காரும் காசும்

நாஷ்வில்லில் எடுத்து நியூ ஆர்லியன்ஸில் விடுவதால் 'ஒருவழிக் கட்டணம்' தனியாகப் போடுவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது பெரிதாக வேறுபடும், நாலைந்து இடத்தில் விசாரியுங்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தால் தினசரி கூடுதல் கட்டணம் உண்டு. இந்தியாவிலிருந்து வருபவர்கள் உள்ளூர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வாருங்கள். கிரெடிட் கார்டு கட்டாயம் வேண்டும். டெபிட் கார்டோடு போனால் கவுண்டரில் நின்று வாதாட வேண்டியிருக்கும். காப்பீட்டை முன்பதிவின்போதே படித்து முடிவு செய்துவிடுங்கள். நான் ஒருமுறை அசதியில், கவுண்டரில் நீட்டிய திரையில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாடகைக்குச் சமமாகக் காப்பீட்டுக்கும் கட்டினேன்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வண்டி வலது பக்கம். சிவப்பு விளக்கில் முழுவதும் நின்று பார்த்துவிட்டு, தடைப் பலகை இல்லையென்றால், வலப்பக்கம் திரும்பலாம். நாலு பக்கமும் 'ஸ்டாப்' பலகை இருக்கும் சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் பின்னால் வருபவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்புள்ள சாலைகளில் மட்டும் விதி மாறும். சந்தேகம் இருந்தால் நின்றுவிடுங்கள். பெட்ரோல் கேலன் கணக்கில் கிடைக்கும். ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர். பங்கில் இயந்திரம் உள்ளூர் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வெளிநாட்டு கார்டைத் துப்பிவிடும். உள்ளே கடைக்குப் போய், "இரண்டாம் நம்பர் பம்புக்கு நாற்பது டாலர்" என்று முன்பணம் கட்டினால் முடிந்தது.

அப்புறம் சில்லறை. வங்கியில் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாஷ்வில் பிராட்வேயிலும் நியூ ஆர்லியன்ஸ் ஃபிரெஞ்ச்மென் தெருவிலும் பல இடங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. கலைஞர்களின் அன்றைய வருமானத்தில் பெரும் பங்கு, கூட்டத்துக்குள் சுற்றி வரும் அந்த வாளியில்தான் விழுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் ஆளுக்கு ஐந்து டாலராவது போடுங்கள். விருப்பப் பாட்டு கேட்பதானால் இருபது. இது என் கணக்கு. குறைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மது அருந்தும் வயது 21. பல பார்களில் பகலில் பிள்ளைகளை விடுவார்கள், இருட்டிய பிறகு விடமாட்டார்கள்.

மூன்றாம் படி: நாஷ்வில்

திங்கள் காலை ரைமன் அரங்கத்தில் தொடங்குங்கள். படகுத் தொழிலில் காசு பார்த்த தாமஸ் ரைமன் என்ற கேப்டன், ஒரு மதபோதகரின் பேச்சில் மனம் மாறிக் கட்டிய பிரார்த்தனைக் கூடம் இது. 1892இல் திறந்தது. 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற வானொலி மேடை நிகழ்ச்சி இங்கேதான் நடந்தது. கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த நிகழ்ச்சி அது; 1925இல் தொடங்கி இன்னும் நிற்கவில்லை. இன்றும் ரைமனில் தேவாலய பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும். முதுகு வலிக்கும், ஆனால் ஒலி அத்தனை கனிவு. பகலில் சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டை விட, இரவு ஏதாவது ஒரு கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவதே மேல். யார் பாடினாலும் சரி.

ஓப்ரி இப்போது நகருக்கு வெளியே தனி அரங்கில் நடக்கிறது. 1974இல் இடம் மாறியபோது ரைமன் மேடையிலிருந்து வட்டமாக ஒரு மரத்துண்டை வெட்டிக் கொண்டுபோய்ப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடகர்கள் அந்த வட்டத்தில் நின்றுதான் பாடுவார்கள். நம் திட்டத்தில் ஓப்ரி இடம்பெறாது. அதுதான் வேண்டும் என்றால் பயணத்தை ஒரு நாள் நீட்டிக்கொள்ளுங்கள்.

மதியம் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம். பெரிய அருங்காட்சியகம், மூன்று மணி நேரம் போய்விடும். டிக்கெட் எடுக்கும்போதே ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ 'பி'க்கும் சேர்த்து எடுங்கள், பேருந்தில் கூட்டிப்போவார்கள். 1957இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி மட்டுமே இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்திருக்கிறார்.

ரைமனுக்குப் பக்கத்திலேயே ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கான தேசிய அருங்காட்சியகம் 2021இல் திறந்தது. நாஷ்வில் என்றால் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் கிட்டார் வாசிக்கும் ஊர் என்ற எண்ணத்தை அது உடைத்துவிடும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காக இந்த ஊரில் ஏற்பட்ட ஃபிஸ்க் கல்லூரி கடனில் மூழ்கியபோது, 1871இல் அதன் மாணவர்கள் ஊர் ஊராகப் போய் ஆன்மிகப் பாடல்களைப் பாடிப் பணம் திரட்டினார்கள். இங்கிலாந்து வரை போனார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்னும் நிற்கிறது.

இரவு பிராட்வே. காலை பத்து, பதினொன்றுக்கே தொடங்கி நள்ளிரவு தாண்டியும் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு இசைக்குழு கேட்கும். பிரபலங்களின் பெயர் தாங்கிய மூன்று மாடிக் கட்டடங்களை விட்டுவிடுங்கள். ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டுக்குப் போங்கள், பழைய பாணி கன்ட்ரி அங்கே கலப்படமில்லாமல் கிடைக்கும். சத்தம் பிடிக்காதவர்களுக்கு ப்ளூபேர்ட் கஃபே. கடைவரிசை ஒன்றின் நடுவே, தொண்ணூறு பேர் மட்டும் உட்காரும் சின்ன இடம், 1982இல் தொடங்கியது. பாடலாசிரியர்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, பெரிய பாடகர்களுக்கு எழுதிக் கொடுத்த பாட்டைத் தாங்களே பாடுவார்கள். நாம் பேசினால் 'உஷ்' என்று அடக்குவார்கள். இணையத்தில் இடம் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அலாரம் வைத்து உட்காருங்கள்.

நான்காம் படி: ஸ்டுடியோ ஊர்

செவ்வாய் காலை நேரே மெம்ஃபிஸுக்கு நெடுஞ்சாலை 40இல் போனால் மூன்று மணி நேரம்தான். போகாதீர்கள். நாச்செஸ் டிரேஸ் பார்க்வேயில் ஏறுங்கள். பழங்குடி மக்கள் நடந்த பாதையை ஒட்டிப் போட்ட, 444 மைல் நீளச் சாலை இது. லாரிகளுக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, வேகம் 50 மைலைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பங்கும் இல்லை, ஆகவே ஏறுவதற்கு முன்பே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். இருபுறமும் மரங்கள் மட்டுமே. மூன்று மணி நேரத்தில் அலபாமாவுக்குள் டென்னசி ஆற்றங்கரைக்கு வந்துவிடுவீர்கள்.

மஸில் ஷோல்ஸ், ஷெஃபீல்டு, ஃபிளாரன்ஸ், டஸ்கம்பியா என்று நான்கு சின்ன ஊர்கள் ஒட்டிக் கிடக்கும் இடம் இது. ப்ளூஸை முதன்முதலில் இசைக்குறிப்பாக எழுதிப் பரப்பியவர்களில் ஒருவரான டபிள்யூ.சி. ஹேண்டி 1873இல் பிறந்தது ஃபிளாரன்ஸில்தான். ஆனால் நாம் வந்தது இரண்டு ஸ்டுடியோக்களுக்காக.

முதலாவது ஃபேம். ரிக் ஹால் நடத்திய இந்த ஸ்டுடியோவுக்கு 1967 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளின் வந்தார். வாசித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளைக்காரப் பையன்கள். இனவெறி தலைவிரித்தாடிய அலபாமாவில், ஒரே அறைக்குள் கறுப்பினப் பாடகியும் வெள்ளைக்கார வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒரு பாட்டை உருவாக்கினார்கள். அரீதாவின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட பாட்டு அது. ஆனால் அன்று இரவே குடியும் சண்டையுமாகி, அவர் ஊரை விட்டுப் போய்விட்டார். ஆல்பத்தின் மீதியை முடிக்க அதே பையன்களை நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டார்கள். சண்டை நடந்தாலும் அந்த வாசிப்பு அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த வாத்தியக்காரர்களில் நான்கு பேர் 1969இல் பிரிந்துபோய், ஷெஃபீல்டில் ஜாக்சன் ஹைவே 3614ஆம் எண்ணில் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார்கள். வெளியே பார்த்தால் சிமென்டுக் கிடங்கு மாதிரிதான் இருக்கும். அதே வருடம் டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வந்து மூன்று நாளில் மூன்று பாட்டுப் பதிவு செய்துவிட்டுப் போனது. செவ்வாய் மாலை ஃபேம், புதன் காலை இது. ஃபேமில் இன்றும் பதிவு நடப்பதால் சுற்றிக் காட்டும் நேரம் குறைவு, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். உலகத்துக்கே கேட்ட சத்தம் இத்தனை சின்ன அறையிலா பிறந்தது என்று தோன்றும். அதைப் பார்ப்பதற்குத்தான் இத்தனை தூரம் சுற்றி வருகிறோம்.

புதன் மதியம் டூப்பலோ. எல்விஸ் 1935 ஜனவரி 8இல் பிறந்த வீடு, அப்பா 180 டாலர் கடன் வாங்கிக் கட்டியது. இரண்டே அறை. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சின்னப் பையனாக இருந்தபோது அம்மா கிட்டார் வாங்கிக் கொடுத்த ஹார்டுவேர் கடை இன்னும் ஆணியும் சுத்தியலும் விற்கிறது. அதையும் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் மெம்ஃபிஸ்.

ஐந்தாம் படி: மெம்ஃபிஸ்

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். காருக்குள் பை, கேமரா, ஏன் சார்ஜர்கூடக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். கண்ணாடியை உடைத்து எடுப்பது இங்கே சாதாரணம். நியூ ஆர்லியன்ஸுக்கும் இது பொருந்தும்.

வியாழன் காலை ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம். ஒரு பழைய சினிமா கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஒரு அக்காவும் தம்பியுமாக நடத்திய ரெக்கார்டு கம்பெனி. முன்வாசலில் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் ரெக்கார்டு கடை போட்டார், உள்ளே தம்பி ஜிம் ஸ்டுவர்ட் ஸ்டுடியோ நடத்தினார். கடைக்குப் பாட்டுக் கேட்க வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளே உள்ளே போய்க் கலைஞர்கள் ஆனார்கள். ஓடிஸ் ரெடிங் பாடியது இங்கேதான். கொட்டகையின் சரிவான தரையை அப்படியே விட்டதால் ஒலிக்கு ஒரு தனிக் குணம் வந்தது. 1967இல் விமான விபத்தில் ஓடிஸ் போனார், எழுபதுகளின் நடுவில் கம்பெனி திவாலானது, 1989இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். 2003இல் அதே இடத்தில் பழையபடியே கட்டித் திறந்தார்கள், தரைச் சரிவு உட்பட. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு அருங்காட்சியகம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மதியம் லொரெய்ன் மோட்டல். கறுப்பினத்தவருக்கு அறை கொடுத்த சில விடுதிகளில் ஒன்று என்பதால் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் இங்கே தங்குவார்கள், உட்கார்ந்து பாட்டு எழுதுவார்கள். 1968 ஏப்ரல் 4 மாலை இதன் இரண்டாம் தளத்து பால்கனியில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். 1959இல் மனைவியோடு இந்தியா வந்து கன்னியாகுமரி வரை போனவர் அவர். 1991 முதல் இது தேசிய குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். பால்கனிக் கம்பியில் வெள்ளை மலர்வளையம் தொங்கும். உள்ளே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வெளியே வந்ததும் பாட்டுக் கேட்கப் போக மனம் வராது. அன்று மாலைக்கு வேறு எதையும் இறுக்கமாகத் திட்டமிடாதீர்கள். கொஞ்சம் ஆறியபின் பீல் தெருவில் நடந்துவிட்டு வரலாம். டெல்டாவிலிருந்து வந்த ரைலி கிங் என்ற ப்ளூஸ் கிட்டார்க்காரப் பையன் 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்' ஆகி, அது சுருங்கி பி.பி. கிங் ஆனது இந்தத் தெருவின் பெயரால்தான்.

வெள்ளி காலை யூனியன் அவென்யூ 706ஆம் எண், சன் ஸ்டுடியோ. சாம் ஃபிலிப்ஸ் 1950இல் தொடங்கியது. 1954 ஜூலையில் எல்விஸின் முதல் வெற்றிப் பாட்டு இங்கே பதிவானது. அதற்கும் முன்னால், 1951 மார்ச்சில் கிளார்க்ஸ்டேலிலிருந்து ஐக் டர்னரும் அவர் நண்பர்களும் நெடுஞ்சாலை 61இல் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஆம்ப்ளிஃபயர் விழுந்து ஸ்பீக்கர் கிழிந்தது என்றும், காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்தார்கள் என்றும் கதை. அந்தக் கரகரத்த ஒலியோடு வந்த 'ராக்கெட் 88'ஐத்தான் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு என்று பலர் சொல்கிறார்கள். ஸ்டுடியோ ஒரே ஓர் அறை. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை உள்ளே விடுவதில்லை.

எல்விஸ் வாழ்ந்த கிரேஸ்லேண்ட் மாளிகைக்குப் போக வேண்டாமா? எல்விஸ் உங்கள் ஆள் என்றால் போங்கள். ஆளுக்கு 80 டாலர் அளவில் ஆகும், அரை நாள் போகும், மாடிக்கு விடமாட்டார்கள். நான் ஒருமுறை போனேன், மறுபடி போகமாட்டேன். அந்த நேரத்தை டெல்டாவுக்குக் கொடுப்பேன்.

ஆறாம் படி: டெல்டா

பெயரைப் பார்த்து ஆற்று முகத்துவாரம் என்று நினைக்க வேண்டாம். மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவில் தட்டுப்போலக் கிடக்கும் வண்டல் நிலம் இது. மெம்ஃபிஸிலிருந்து நெடுஞ்சாலை 61இல் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் கிளார்க்ஸ்டேல். இருபுறமும் கண்ணுக்கு எட்டிய வரை வயல். அடிமைமுறை ஒழிந்த பிறகும் குத்தகைக் கடனில் கட்டுண்டு பருத்தி எடுத்த மக்களிடமிருந்துதான் ப்ளூஸ் வந்தது. ஊருக்கு வெளியே உள்ள ஹாப்சன் பண்ணையில் 1944இல் விதைப்பு முதல் அறுவடை வரை இயந்திரத்தாலேயே ஒரு பருத்தி வெள்ளாமை எடுத்துக் காட்டினார்கள். கைகளுக்கு வேலை குறைந்தது. ஏற்கெனவே வடக்கே ரயிலேறிக்கொண்டிருந்த கூட்டம் இன்னும் பெருத்தது. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் அதற்கு முந்தைய வருடமே சிகாகோ போய்விட்டார். ஸ்டோவால் பண்ணையில் அவர் குடியிருந்த மரக்குடிசையின் மிச்சம், பழைய ரயில் சரக்குக் கிடங்கில் இருக்கும் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பிறகு 'கேட் ஹெட்' என்ற கடைக்குப் போங்கள். அன்றிரவு யார், எங்கே, எத்தனை மணிக்கு வாசிக்கிறார்கள் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். முதல் பயணத்தில் எனக்கு இது தெரியாமல் போயிற்று. ரெட்ஸ் லவுஞ்ச் திறந்திருந்தால் அதுதான் முதல் தேர்வு. சிவப்பு விளக்கு, தாழ்ந்த கூரை, மேடையே கிடையாது. கிட்டார்க்காரர் உங்கள் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். நீண்ட காலம் அதை நடத்திய ரெட் பேடன் 2023 கடைசியில் காலமானார். இப்படிப்பட்ட இடங்களைத்தான் ஜூக் ஜாயின்ட் என்பார்கள். வாசலில் பணமாகக் கொடுங்கள், வீடியோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். நடிகர் மார்கன் ஃப்ரீமன் பங்குதாரராக இருக்கும் கிரவுண்ட் ஸீரோ கிளப் இன்னும் வசதியானது, சாப்பாடும் உண்டு.

சாத்தானிடம் ஆன்மாவை விற்று ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் கிட்டார் கற்றதாகக் கதை சொல்லும் 'நாற்சந்தி' என்று 61ம் 49ம் சந்திக்கும் இடத்தில் பெரிய கிட்டார்ப் பலகை வைத்திருக்கிறார்கள். அவர் காலத்தில் சாலைகளே வேறு வழியாக ஓடின. படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

சனி காலை ஒன்பதுக்கெல்லாம் கிளம்புங்கள். நெடுஞ்சாலை 49இல் முதலில் டட்வைலர். 1903 வாக்கில் இந்த ரயில் நிலையத்தில், கத்தியைத் தந்தியில் அழுத்தி ஒருவர் கிட்டார் வாசித்ததை டபிள்யூ.சி. ஹேண்டி கேட்டாராம். அடுத்து பார்ச்மன் சிறையைக் கடப்பீர்கள், அங்கே நிறுத்தாதீர்கள். ரூல்வில்லில் மேற்கே திரும்பினால் டாக்கரி பண்ணை. தொடக்ககால ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் வாழ்ந்து பாடிய இடம். டிக்கெட் இல்லை, கூட்டமில்லை, பழைய மரக் கொட்டகைகள் மட்டும். அவருடைய பதிவு ஒன்றை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு இங்கே நின்று கேளுங்கள். டெல்டாவில் சிக்னல் அடிக்கடி போய்விடும். வழியெல்லாம் நீல நிறப் பலகைகள் தென்படும், மிசிசிப்பி ப்ளூஸ் டிரெயில் வைத்தவை. ஏறத்தாழ இருநூறு உண்டு, எல்லாவற்றுக்கும் நிறுத்தினால் ஊர் போய்ச் சேரமாட்டோம்.

இண்டியனோலாவில் பி.பி. கிங் அருங்காட்சியகம். இளம் வயதில் அவர் வேலை பார்த்த பருத்தி அரவை ஆலையின் செங்கல் கட்டடத்தோடு சேர்த்து 2008இல் திறந்தார்கள். 2015இல் இறந்த அவரை இங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு டமாலே கிடைத்தால் விடாதீர்கள். சோளமாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைத்தது. நம் ஊர் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். மெக்சிகோ தொழிலாளிகள் பருத்திக் காட்டுக்குக் கொண்டுவந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: கீரை, பீன்ஸ் என்று எழுதியிருந்தாலும் பன்றிக் கறியோடு வெந்திருக்க வாய்ப்பு அதிகம், கேட்காமல் வாங்காதீர்கள். காலையில் கிரிட்ஸ் கேளுங்கள். சோள ரவைக் கஞ்சிதான், கூட ஓர் ஊறுகாய் பாட்டில் இருந்தால் பிரமாதம்.

அரை மணி நேரம் கிழக்கே கிரீன்வுட். 29 பாட்டுகள் மட்டும் பதிவு செய்துவிட்டு 27 வயதில் இறந்த ராபர்ட் ஜான்சனுக்கு இந்தப் பக்கத்தில் மூன்று கல்லறைக் கற்கள். ஊருக்கு வடக்கே மணி சாலையில் உள்ள லிட்டில் ஸயன் தேவாலயத்தில் இருப்பதே உண்மையானது என்று பலர் நம்புகிறார்கள். அவர் இறந்தது 1938 ஆகஸ்ட் 16. எல்விஸ் இறந்தது 1977 ஆகஸ்ட் 16. அரீதா ஃபிராங்க்ளின் 2018 ஆகஸ்ட் 16. இதே சாலையில் இன்னும் மேலே போனால் ஒரு இடிந்த மளிகைக் கடை. 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினப் பையனைக் கடத்திக் கொன்ற கொடுமைக்குத் தொடக்கம் அந்தக் கடைதான். நீங்கள் கேட்க வந்த பாட்டும் இதுவும் ஒரே சாலையில் இருக்கின்றன.

அங்கிருந்து வினோனாவில் நெடுஞ்சாலை 55ஐப் பிடித்து, ஜாக்சன் வழியாகத் தெற்கே நான்கரை மணி நேரம். அசதியாக இருந்தால் ஜாக்சனில் தங்கி, ஞாயிறு விடியற்காலையில் கிளம்புங்கள். கடைசிப் பகுதி சதுப்புக் காட்டுக்கு மேல் தூண்களில் ஓடும் சாலை. பகலில் பார்ப்பதே அழகு.

ஏழாம் படி: நியூ ஆர்லியன்ஸ்

வந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகரின் பழைய பகுதியான ஃபிரெஞ்ச் குவார்ட்டரில் வண்டி நிறுத்த ஓர் இரவுக்கு ஆகும் காசில் நல்ல சாப்பாடே சாப்பிடலாம்.

ஞாயிறு மதியம் 'செகண்ட் லைன்' ஊர்வலம். அக்கம்பக்கத்து மக்கள் தங்கள் ஈமச்செலவுக்கும் நோய்ச்செலவுக்கும் சேர்த்த சங்கங்கள், வருடத்துக்கு ஒரு ஞாயிறு பித்தளை வாத்தியக் குழுவோடு தெருவில் இறங்கும். சங்கத்தாரும் வாத்தியக்காரரும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு வரும் யாரும் இரண்டாம் வரிசை, நீங்களும்தான். கோடை உச்சம் தவிர மற்ற மாதங்களில் அநேகமாக எல்லா ஞாயிறும் உண்டு. வழித்தடத்தை 90.7 பண்பலையில் ஒலிக்கும் டபிள்யூ.டபிள்யூ.ஓ.ஸீ. வானொலியில் தெரிந்துகொள்ளலாம். நான்கு மணி நேரம் நடக்க வேண்டும், நல்ல செருப்பு, தண்ணீர், சில்லறை. நடுவில் புகுந்து ஆடுபவர்களை மறித்துப் படம் எடுக்காதீர்கள்.

ஞாயிறுக்கு ஒரு போட்டியும் உண்டு. மெம்ஃபிஸில் பாடகர் அல் க்ரீன் 1976 முதல் நடத்தும் தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை, அவரே இருந்தால் பாடவும் செய்வார். இரண்டையும் ஒரே ஞாயிறில் பிடிக்க முடியாது. நான் தெருவைத் தேர்ந்தெடுத்தேன்.

இரவுக்கு: பிரிசர்வேஷன் ஹால், 1961இல் தொடங்கியது. குடி இல்லை, சாப்பாடு இல்லை, முக்கால் மணி நேரம் பழைய ஜாஸ் மட்டும். சிறுவர்களையும் விடுவார்கள். முடிந்ததும் போர்பன் தெருவைக் கடந்து நடந்துவிட்டு (நிற்க வேண்டியதில்லை), ஃபிரெஞ்ச்மென் தெருவுக்குப் போங்கள். ஸ்பாட்டட் கேட்டில் நின்றுகொண்டு கேட்கலாம், ஸ்னக் ஹார்பரில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து கேட்கலாம்.

காலையில் கஃபே டு மாண்டில் சர்க்கரை தூவிய பென்யே பலகாரமும் காபியும். முதல் வாயிலேயே தெரிந்த ருசியாக இருக்கும். சிக்கரி கலந்த காபி. பஞ்ச காலத்தில் காபிக்கொட்டையை மிச்சம் பிடிக்கக் கலந்து, பிறகு அந்த ருசியே பழகிப்போன ஊர்களில் இதுவும் ஒன்று. நம் ஃபில்டர் காபிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திங்களன்று லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் காங்கோ சதுக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகளுக்குக் கிடைத்த ஓய்வில் அவர்கள் கூடி, ஆப்பிரிக்க முரசுகளைக் கொட்டி ஆடிய மைதானம். 1817இல் நகர நிர்வாகம், கூடுவதானால் இந்த ஓரிடத்தில் மட்டும் கூடலாம் என்று கட்டளை போட்டது. இன்று மரநிழலும் கல் பாவிய தரையும்தான். பூங்கா வாசலைத் தாண்டி ராம்பார்ட் தெருவைக் கடந்தால், டூமெய்ன் முக்கில் ஒரு கட்டடம். காசிமோ மட்டாஸா என்பவர் இங்கே கடையின் பின்னறையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ராக் அண்ட் ரோல் பாடகர்களான ஃபேட்ஸ் டாமினோ 1949 டிசம்பரிலும், லிட்டில் ரிச்சர்ட் 1955இலும் பதிவு செய்தது அந்த அறையில். பழைய கடையின் பெயர் வாசல் தரையில் பதிந்திருக்கிறது, பாருங்கள். பிற்காலத்தில் அது சலவைக் கடையானது.

மதியம் எந்த உணவகத்துக்குப் போனாலும் சிவப்பு பீன்ஸும் சோறும் இருக்கும். திங்கட்கிழமை சாப்பாடு அது. அந்தக் காலத்தில் திங்கள்தான் துணி துவைக்கும் நாள். பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனால், துவைத்து முடிக்கும்போது வெந்திருக்கும்.